ஓல்ட் நம்பர் வன்: ஒரு பந்தயக் காரின் உரிமை வரலாறு

கல்முனையிலோ சம்மாந்துறையிலோ பழைய மொறிஸ் மைனர் ஒன்றை விலைபேசச் செல்பவர், வர்ணத்தையும் ஆசனத்தையும் பார்ப்பதற்கு முன்னர் பதிவுப் புத்தகத்தைக் கேட்பார். அதிற் கண்ட இயந்திர இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் வண்டியிலுள்ளவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். இச்சோதனையால் எளிதில் முடிவு காணவியலாத ஒரு வண்டி, ஒரு கோடிப் பவுணுக்கு விலைபேசப்பட்டு, 1990ஆம் ஆண்டில் இலண்டன் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது.

1919ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பென்ட்லி நிறுவனம் செய்த ‘ஸ்பீட் சிக்ஸ்’ என்னும் ஆறரை லீற்றர் கார் அது. பிரான்சின் லெ மான் நகரில் இருபத்துநான்கு மணி நேரம் இடைவிடாது நடைபெறும் பந்தயத்தில், 1929இல் வூல்ஃப் பார்னாட்டோவும் டிம் பேர்க்கினும் அதனைச் செலுத்தி வென்றனர். மறு ஆண்டு பார்னாட்டோ, கிளென் கிட்ஸ்டனுடன் சேர்ந்து அதே காரில் மீண்டும் வென்றார். பார்னாட்டோ வெறும் ஓட்டுநர் அல்லர். தென்னாபிரிக்க வைரச் செல்வத்தின் வாரிசு. 1926 முதல் அந்நிறுவனத்துக்கே பொருளுதவி அளித்துத் தலைமை தாங்கியவர். முதலாளியே சாரதியாய் அமர்ந்து வென்ற வெற்றிகளும் நிறுவனத்தைக் காக்கவில்லை. 1931இல் அது றோல்ஸ் றோய்ஸின் கைக்குப் போயிற்று.

வண்டியோ ஓய்வு பெறவில்லை. பாகங்கள் மாறின, எட்டு லீற்றர் இயந்திரமும் ஏறிற்று. 1932 செப்டெம்பர் 24ஆம் நாள், புறூக்லண்ட்ஸ் ஐந்நூறு மைல் பந்தயத்தில், தமையன் ஜாக் இறங்க, கிளைவ் டன்ஃபீ அதனைச் செலுத்தலானார். ஓடுபாதையின் சாய்ந்த கரையைத் தாண்டிக் கார் வெளியே பாய்ந்தது, கிளைவ் உயிரிழந்தார். அவ்வாறு சிதைந்ததையும் திருத்தி, மூடிய உடல் பொருத்தி, வீதியில் ஓட்டினர். பின்னர் அது பலர் கைமாறிற்று.

1990இல் அதனை வாங்க ஒப்பந்தம் செய்த மிடில்பிரிட்ஜ் நிறுவனம், ‘இது அந்தக் கார் அன்று’ எனக் கூறிப் பின்வாங்கியது. உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். நீதியரசர் ஒட்டன், பாகம் பாகமாகச் சாட்சியங்களை ஆராய்ந்தார். 1929இல் வென்ற காரின் உறுப்புகளில் எஞ்சியவை மிகச் சிலவே எனத் தெரிந்தது. ஆயினும் அவர் தீர்ப்பு வேறுவிதமாய் அமைந்தது. எந்தக் கட்டத்திலும் அக்கார் மறைந்து, அதனிடத்தில் வேறொன்று வைக்கப்படவில்லை. ஒவ்வொரு மாற்றமும் வழக்கிலிருந்த வண்டியிலேயே செய்யப்பட்டது. ஆகவே, அது ஆதி உருவில் இல்லாவிடினும் போலி அன்று, அப்பெயருக்கு உரியதே, வாங்கியவர் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவரே என்றார்.

வாங்கியவரின் மனக்குறையை நகைத்தலும் தகாது. பார்னாட்டோ கைபட்ட இரும்பை அவர் தேடியிருப்பாரெனின், அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் அதன் வரலாறே.

இவ்வழக்கு இலங்கையருக்கும் அந்நியமானதன்று. இங்கு விற்பனையை ஆளும் 1896ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், 1893ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவியது. விவரணம் கூறி விற்கப்படும் பொருள் அவ்விவரணத்துக்கு ஒத்திருத்தல் வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. மொறிஸ் மைனரின் இயந்திரத்தை மாற்றியவரும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புதிய இயந்திர இலக்கத்தைப் பதிவிக்கிறார். வண்டியின் தகட்டிலுள்ள எண் பழையதாகவே இருக்கும்.