ஒகினாவா: ஓர் இரவில் மாறிய சாலை

1978 ஜூலை 29, இரவு பத்து மணி. ஒகினாவாவில் அவசர வண்டிகள் தவிர மற்றதெல்லாம் நின்றன. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பியபோது, 33 வருஷமாக வலப்பக்கம் ஓடிய வண்டிகள் இடப்பக்கம் ஓடின.

1945 வரை அங்கும் ஜப்பானின் மற்ற பகுதிகளைப் போல இடப்பக்கம்தான். போரில் தீவைப் பிடித்த அமெரிக்க ராணுவம் தன் ஊர் வழக்கத்தைக் கொண்டுவந்தது. 1972இல் தீவு ஜப்பானிடம் திரும்பியது. ஒரு நாட்டுக்குள் ஒரே பக்கம்தான் என்கிறது 1949ஆம் ஆண்டின் ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம். ஆக, சாலையும் திரும்பியாக வேண்டும்.

மென்பொருளில் ஒரு மாற்றத்தை முதலில் கொஞ்சம் பேருக்கு மட்டும் கொடுத்துப் பார்ப்போம். இங்கே அது முடியாது. இன்றைக்குக் கார், நாளைக்கு லாரி என்றால் நேருக்கு நேர் மோத வேண்டியதுதான். பேருந்துக்குக் கதவே எதிர்ப்பக்கம் வரவேண்டும். புதுப் பேருந்துகள் வாங்கினார்கள். அந்த நாளுக்கு, தேதியை வைத்து, '730' என்றே பேர்.

1967இல் பக்கம் மாறிய ஸ்வீடன், 1955இல் வாக்கெடுப்பாவது நடத்தியது. மக்கள் வேண்டாம் என்றார்கள், அது வேறு விஷயம். ஒகினாவாவில் இரண்டு தடவையும் வாக்கெடுப்பே இல்லை.

அமெரிக்கத் தளங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. சிப்பாய்கள் இப்போது இடப்பக்கம் ஓட்டுகிறார்கள்.