தொழில்வழி மறுவாழ்வு

தொழில்வழி மறுவாழ்வு என்பது, மாற்றுத்திறனாளி ஒருவர் தமக்கேற்ற வேலையைப் பெறவும், அதில் நிலைக்கவும், மேலே உயரவும் துணைநிற்கும் பணிகளின் தொகுப்பு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 99-ஆம் பரிந்துரையும் (1955), 159-ஆம் உடன்படிக்கையும் (1983) இத்துறையின் அடிப்படை ஆவணங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகும் மறுவாழ்வு மிச்சமிருக்கிறது என்பதற்கு வேலூர் நல்ல சான்று. கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1940களின் இறுதியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை மூலம் நிமிர்த்தத் தொடங்கினார். விரல்கள் நிமிர்ந்தன. ஆனால் நோயின் அடையாளம் இருந்ததால் யாரும் வேலை கொடுக்கவில்லை. கை நேராகிவிட்டதால் பிச்சையும் முன்போல் விழவில்லை. 1950களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் எழுந்தது இதனால்தான். தச்சுவேலையும் மரப்பொம்மை செய்தலும் அங்கே கற்றுத்தரப்பட்டன. சுத்தியலை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பது நோயால் உணர்ச்சியிழந்த கைக்குத் தெரியாது. வலிக்காததால் புண்ணான பிறகும் வேலை தொடரும். ஆகவே ஆளுக்கு மட்டும் பயிற்சி தந்தால் போதாது, கருவியையும் வேலைசெய்யும் முறையையும் அவருடைய கைக்கேற்ப மாற்ற வேண்டும் என்பது அங்கே அனுபவத்தில் விளங்கியது.

அதே கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். கையில் செய்யும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பதால் அவர் அப்பணிக்குத் திருப்பப்பட்டார். சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார். இழந்ததை எண்ணாமல், எஞ்சிய திறனுக்கு எந்த வேலை பொருந்தும் என்று தேடிய தேர்வு அது. பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் பயன்.

இன்றைய மையங்களில் முதல் படி மதிப்பீடு. படிப்பு, கைத்திறன், விருப்பம், வீட்டுச் சூழல், பேருந்தில் தனியே போய்வர முடியுமா என்பதெல்லாம் பார்க்கப்படும். மத்திய அரசு நடத்தும், சென்னை கிண்டியில் உள்ளதைப் போன்ற மையங்கள் மதிப்பீடு, பயிற்சி, வேலைக்குப் பரிந்துரை மூன்றையும் ஓரிடத்தில் செய்கின்றன. மதிப்பீடு சடங்காகிவிட்டால் பின்வருவதெல்லாம் வீண். பார்வையற்றவர் என்றதும் பிரம்பு நாற்காலி பின்னவும், காது கேளாதவர் என்றதும் தையலுக்கும் அனுப்பிய காலம் நீண்டது. குறைபாட்டைப் பார்த்துத் தொழிலை ஒதுக்குவது மதிப்பீடு ஆகாது. திரைவாசிப்பு மென்பொருளுடன் பார்வையற்றோர் வங்கிகளில் வேலை செய்யும் இந்நாளில் அதற்குச் சாக்கும் இல்லை.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் பயிற்சிக்கூடத்தில் கற்றது பணியிடத்துக்கு வந்ததும் கைகொடுக்காமல் போவதுண்டு. எனவே முதலில் வேலையில் அமர்த்தி, அங்கேயே கற்பிக்கும் துணையுடன்கூடிய வேலைமுறை வளர்ந்தது. பயிற்றுநர் ஒருவர் அருகிலேயே நின்று வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் காட்டுவார். பழகப் பழக மெல்ல விலகிக்கொள்வார். மனநோயிலிருந்து மீள்வோரிடம் களைப்பு, மருந்தின் மந்தம், நோயை வெளியே சொல்ல அச்சம் ஆகியவை சேர்ந்துகொள்வதால் வேலைநேரம் நெகிழ்வாக இருக்க வேண்டும். மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளை இத்தகையோருக்கான தொழிற்பயிற்சியைச் சிகிச்சையோடு சேர்த்தே அளித்துவருகிறது.

சட்டத்தின் துணையும் உண்டு. அரசு வேலைகளில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 4 விழுக்காடாக்கியது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளோர் இதற்குத் தகுதி பெறுவர். தனியார் நிறுவனங்களுக்கு ஊக்கச் சலுகைதான், கட்டாயம் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகம் பேசப்படாதது பிரிவு 20: அரசுப் பணியில் இருக்கும்போது ஒருவருக்குக் குறைபாடு ஏற்பட்டால் வேலையிலிருந்து நீக்கக் கூடாது, பழைய வேலை முடியாதெனில், அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். விபத்தில் கால் இழந்த ஓட்டுநரின் குடும்பம் அறிந்திருக்க வேண்டிய சொற்கள் இவை.

பணி ஆணை கைக்கு வந்ததும் கோப்பை மூடிவிடுவது இத்துறையின் பெரிய பிழை. வேலையை விட்டு நிற்கும்படி செய்வது பெரும்பாலும் சின்னஞ்சிறு காரியங்கள்: கழிப்பறை வாசலில் ஒரு படி, சைகைமொழி தெரியாத புதிய மேலாளர், திரைவாசிப்பானுக்குப் பிடிபடாத புதிய கணக்கு மென்பொருள். நல்ல மையத்தின் பணியாளர் மாதங்கள் கழிந்த பிறகும் அந்த அலுவலகத்துக்குப் போய், தொழிலாளியிடம் தனியாகவும் முதலாளியிடம் தனியாகவும் பேசிப் பார்ப்பார்.