கோதுமையைக் காட்டிக்கொடுத்த பஞ்சம்

ஓயாத வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, குச்சி போன்ற கை கால்கள். குழந்தைகளை வாட்டிய இந்தச் சீலியாக் நோயை 1888ல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ விவரித்தார். குணமாக வழியுண்டு என்றால் அது உணவில்தான் என்றார். ஆனால் எந்த உணவு?

1924ல் நியூயார்க் மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழப் பத்தியம் கொடுத்தார். குழந்தைகள் தேறினார்கள், புகழ் வாழைப்பழத்துக்குப் போனது. உண்மையில் காப்பாற்றியது, அந்தப் பத்தியத்தில் ரொட்டி இல்லாததுதான்! இது தெரியாததால், தேறிய பிள்ளைகள் மறுபடி ரொட்டி சாப்பிட்டார்கள்.

நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1930களிலேயே கோதுமையைச் சந்தேகித்தார். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் அங்கே ரொட்டி கிடைக்கவில்லை. நாடே பட்டினி கிடந்தபோது இந்த நோயாளிக் குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி வந்ததும் மறுபடி படுத்தார்கள் என்று மருத்துவ வரலாறு சொல்கிறது. 1950ல் டிக்கே தன் ஆய்வேட்டில் கோதுமையின் தீங்கை நிறுவினார். பிறகு சகாக்களோடு சேர்ந்து, அதிலுள்ள குளூட்டன் என்ற புரதமே குற்றவாளி என்று காட்டினார்.

இன்று பஞ்சம் வந்து சொல்ல வேண்டியதில்லை. ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை, தேவைப்பட்டால் சிறுகுடல் திசுச் சோதனை என்று வழிகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள் நண்பர்களே: முன்கூட்டியே கோதுமையை நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் சோதனையில் தெரியாமல் போகலாம். முதலில் பரிசோதனை, பிறகுதான் பத்தியம்.