தக்கோலப் போரும் நான்கு சான்றுகளும்

ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் தாதரில் புகைவண்டி ஏறிச் சென்னை நோக்கிச் செல்லும் நம் செம்பூர்த் தமிழ்க் குடும்பங்கள், வழியில் கல்புர்கியையும் அரக்கோணத்தையும் கடக்கின்றன. கல்புர்கி மாவட்டத்தில் உள்ள மால்கேடு என்னும் சிற்றூரே, ஒரு காலத்தில் தக்காணம் முழுவதையும் ஆண்ட இராட்டிரகூடர்களின் தலைநகராகிய மானியகேடம். நம் பிள்ளைகளை அழைத்துச் சென்று நாம் காட்டி மகிழும் எல்லோராக் கைலாசநாதர் கோயில் அம்மரபினர் குடைவித்ததே. அரக்கோணத்திற்கு அருகே இருப்பது தக்கோலம். கி.பி. 949-இல் அம்மரபின் படை தெற்கே வந்து சோழர் படையை முறியடித்த களம் அது. நாம் ஓர் இரவில் கடக்கும் வழி, ஒரு பேரரசின் தலைவிதியை மாற்றிய வழியாகும்.

போரின் காரணத்தை முதற்கண் காண்போம். கி.பி. 907-இல் அரியணை ஏறிய முதற் பராந்தக சோழன், மதுரையை வென்று தெற்கே வலிமை பெற்றான். வடக்கே வாணர்களை அடக்கி, அவர்தம் நாட்டைத் தன் நண்பனாகிய கங்க அரசன் இரண்டாம் பிருதிவீபதிக்கு அளித்தான். ஆயின் கி.பி. 939-இல் இராட்டிரகூட நாட்டில் மூன்றாம் கிருட்டிணன் பட்டம் எய்தினான். அவன் உடன்பிறந்தாளை மணந்த இரண்டாம் பூதுகன், அவனுடைய துணையால் கங்க நாட்டின் அரசனானான். நேற்றுச் சோழரின் நட்பு நாடாக இருந்தது இன்று பகைவரின் வலக்கரமாயிற்று.

வடபுலத்திலிருந்து படையெடுப்பு வரும் என்பதைப் பராந்தகன் உணர்ந்தே இருந்தான். தன் மூத்த மகன் இராசாதித்தனைத் திருமுனைப்பாடி நாட்டில் படையுடன் நிறுத்தினான். சுந்தரர் பிறந்த திருநாவலூர் அவன் பெயரால் இராசாதித்தபுரம் என்றும் வழங்கிற்று. அவன் படையில் சேரநாட்டு வீரர் பலர் இருந்தனர். புத்தூரைச் சேர்ந்த வெள்ளன் குமரன் என்னும் சேரநாட்டுப் படைத்தலைவன், கி.பி. 943-இல் பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என்னும் ஊரில் ஒரு கற்றளி எடுப்பித்தான். ஆகவே தக்கோலத்தில் எதிர்நின்றவை ஒருமொழிப் படைகள் இரண்டல்ல. இருபுறமும் பல நாட்டார் கலந்தே நின்றனர்.

போரில் நிகழ்ந்ததை இருதரப்பாரும் எழுதி வைத்துள்ளனர். சோழரின் ஆனைமங்கலச் செப்பேடு, இராசாதித்தன் யானைமீதிருந்து போர்புரிகையில் கூரிய அம்பு மார்பைப் பிளக்க வீரசுவர்க்கம் அடைந்தான் என்கிறது. 'ஆனைமேல் துஞ்சிய தேவர்' எனப் பிற்காலத்தார் அவனைப் போற்றினர்.

மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் நாட்டப்பெற்ற கன்னடக் கல்வெட்டு, அவனைக் கொன்றவன் பூதுகன் என்றும், அதற்குப் பரிசாகக் கிருட்டிணன் வனவாசி முதலிய நாடுகளை அளித்தான் என்றும் கூறுகின்றது. அப்போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பான், பரிசாக வேண்டிப் பெற்றது பூதுகனின் காளி என்னும் வேட்டை நாயை. அந்நாய் பின்னொரு நாள் பெரிய காட்டுப்பன்றி ஒன்றோடு பொருது, அதனைக் கொன்று தானும் மாண்டது. அதன் நினைவாக நட்ட கல்லே நமக்குப் போர்ச் செய்தியையும் உரைக்கின்றது!

இக்கல்லின் வாசகத்தை முதலில் படித்தோர், பூதுகன் வஞ்சனையால் கொன்றான் எனப் பொருள் கொண்டனர். பின்னர் ஆராய்ந்த அறிஞர், யானைமேலுள்ள அம்பாரியையே போர்க்களமாக்கிப் பொருதான் என்பதே உண்மைப் பொருள் எனத் தெளிந்தனர். ஒரு சொல்லைப் பிழைபடப் படித்தமையால் அண்டை நாட்டு வீரன் ஒருவன்மீது நீங்காப் பழி நிலைத்திருக்கும்.

மூன்றாம் சான்று திருவொற்றியூரில் உள்ளது. இராசாதித்தனின் உயிர்த்தோழனாகிய சேரநாட்டான் ஒருவன், தலைவனுடன் களத்தில் மாளும் பேறு தனக்கு வாய்க்கவில்லையே என வருந்திக் கங்கையில் நீராடித் துறவு பூண்டு, அவ்வூர் மடத்தில் சதுரானன பண்டிதர் ஆனான் என்று கல்வெட்டுக் கூறும். வெள்ளன் குமரனே இவர் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. நான்காம் சான்று, நம் மகாராட்டிரத்துச் சதாரா மாவட்டக் கராடில் கிடைத்த கி.பி. 959-ஆம் ஆண்டுச் செப்பேடு. கிருட்டிணன் தொண்டை நாட்டு மேற்பாடியில் பாசறை அமைத்து, தென்னாட்டு ஊர்களைத் தன் அடியார்க்குப் பங்கிட்டதை அது காட்டுகின்றது. சோழர் மீண்டும் தலைநிமிர ஒரு தலைமுறை ஆயிற்று, கி.பி. 985-இல் இராசராசன் முடிசூடினான்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன், கி.பி. 838-இல், மேலை நாட்டிலும் இத்தகைய போர் ஒன்று நிகழ்ந்தது. கடல்கடந்து வந்த டேனியருடன் கார்ன்வால் பிரித்தானியர் கூட்டுச் சேர்ந்து, ஹிங்ஸ்டன் டவுன் என்னுமிடத்தில் சாக்சனிய அரசன் எக்பர்ட்டிடம் தோற்றனர். அதனை நாம் அறிவது வென்ற சாக்சனியரின் ஆண்டுக் குறிப்பால். தோற்றவரின் குரல் நமக்கு எட்டவில்லை. தக்கோலத்திலோ வென்றவன் கல்லும், தோற்றவன் செப்பேடும், துயருற்ற தோழன் சொல்லும் ஒருங்கே நிற்கின்றன.

தமிழும் கன்னடமும் மலையாளமும் மராத்தியும் ஒரே மாடிப்படியில் ஒலிக்கும் ஊரில் வாழ்கின்றோம் நாம். தக்கோலத்தை நம் பிள்ளைகட்குச் சொல்லுங்கால் தோல்வியை மறைத்தலும் வேண்டா. பழம்பகையை மூட்டலும் வேண்டா. நான்கு சான்றையும் சேர்த்தே சொல்வோம். அடுத்த முறை அரக்கோணத்தில் வண்டி நிற்கும்போது, யானைமேல் துஞ்சிய இளவரசனோடு, அவனுக்காக அழுத சேரநாட்டுத் தோழனையும், கன்னட நாட்டுக் காளியையும் நினைவு கூர்வோமாக.