திண்ணையிலிருந்து இறங்கிய பள்ளிக்கூடம்

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் அலைந்தவர்கள் 'டி.டி.டி.ஏ. தொடக்கப்பள்ளி' என்ற பெயர்ப்பலகையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. திருநெல்வேலி டயோசீசன் டிரஸ்ட் அசோசியேஷன் என்பதன் சுருக்கம் அது. அந்தப் பள்ளிகளின் வரலாற்றைப் பின்னோக்கித் தொடர்ந்து போனால் ஆங்கிலேயரைத்தான் சந்திப்போம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் தொடக்கத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஜெர்மானியர்கள். அவர்கள் கட்டிய கிராமப் பள்ளிகளின் கட்டடங்களைத் தேடிச் செல்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். மண்சுவரும் ஓலைக்கூரையுமாக எழுந்தவற்றைக் கரையானும் மழையும் எப்போதோ தின்றுவிட்டன. ஆயினும் கட்டடக்கலை என்பது கல்லும் சுண்ணாம்பும் மட்டுமல்லவே. ஓர் அறை எங்கே நிற்கிறது, அதற்குள் யார் நுழையலாம், யார் யாருக்கு அருகில் உட்காரலாம் என்பதும் கட்டடக்கலைதான்.

இவர்கள் புறப்பட்டு வந்த இடத்தில் கட்டடங்களுக்குக் குறைவில்லை. ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் ஃப்ராங்கே 1698இல் தொடங்கிய அனாதை இல்லத்தின் முகப்பில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரு கழுகுகளை இன்றும் காணலாம். அதன் பின்னே மரச்சட்டகத்தில் ஆறு தளங்களாக எழுந்த நீண்ட விடுதி ஐரோப்பாவின் மிகப்பெரிய மரச்சட்டகக் கட்டடங்களுள் ஒன்று. ஹாலேயில் பயின்ற சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். அங்கே அவர் முதலில் செய்த காரியம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. ஒரு முதிய திண்ணைப்பள்ளி ஆசிரியரைத் தம் வீட்டிலேயே பள்ளியை நடத்தும்படி அழைத்து, பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிக் கற்றார். ஆசிரியராவதற்கு முன் அவர் நம் பள்ளியின் மாணவர். அடுத்த ஆண்டே தரங்கம்பாடியில் பெண் குழந்தைகளுக்கும் பள்ளி தொடங்கியது.

அந்த மணல் பின்னர் கடல் தாண்டியது. 1789 முதல் சென்னை எழும்பூர் ஆண்கள் அனாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிகளில் கண்ட மணல் எழுத்தையும், மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் கையாண்டு, 1797இல் லண்டனில் நூலாக்கினார். அது அங்கே 'சென்னை முறை' என்றே பெயர் பெற்றது. ஆகவே ஜெர்மானியர் நமக்குக் கல்வி கொடுத்தனர் என்று எளிமையாகச் சொல்லிவிட முடியாது. முறையில் நம்முடையது கணிசமாக இருந்தது. மாறியது இடம்.

திண்ணை ஒரு வீட்டின் உறுப்பு. ஆசிரியரின் வீடாகவோ ஊர்ப் பெரியவரின் வீடாகவோ அது இருக்கும். தெருவைவிட இரண்டு மூன்று அடி உயர்ந்தது. அந்த உயரத்தில் யார் ஏறலாம் என்பதை அந்த வீடும் அந்தத் தெருவும் முன்பே தீர்மானித்திருக்கும். அரிச்சுவடியும் எண்சுவடியும் எவ்வளவு சிறப்பானவையாக இருந்தாலும், அந்தத் தெருவுக்குள் நுழைய முடியாத குழந்தைக்கு அவற்றால் பயனில்லை.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் பிரஷ்ய நாட்டவர். 1790இல் கிராவ்டென்ஸ் கோட்டையில் பிறந்தவர். பெர்லினில் யோகான்னஸ் யேனிக்கே நடத்திய பயிற்சிப் பள்ளியில் படித்தவர். யேனிக்கேயின் தம்பி 1790களில் பாளையங்கோட்டையில் ஊழியம் செய்திருந்தார். ஆங்கிலேயச் சங்கத்தின் ஊழியராக வந்த ரேனியஸ் ஊர்தோறும் ஏற்படுத்தியது, ஞாயிறன்று ஜெபவீடாகவும் மற்ற நாட்களில் பள்ளியாகவும் பயன்பட்ட ஒற்றை அறை. உபதேசியாரே பல இடங்களில் வாத்தியாரும். அறை தனித்து நின்றது. எந்த வீட்டோடும் ஒட்டவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களின் குடியிருப்புக்குள்ளேயே, அவர்கள் நிற்கும் அதே தரையில் எழுந்தது. நிலக்காரர்கள் அவர்களை வெளியேற்றிவிடும் அபாயம் இருந்ததால் 1830இல் தரும சங்கம் என்ற அமைப்பை உண்டாக்கி நிலம் வாங்கினார். பிரஷ்யப் பிரபு டோனாவின் நன்கொடையால் புலியூர்க்குறிச்சி டோனாவூர் ஆன கதையும் இதனோடு சேர்ந்ததே. அந்த அறைகளில் படிக்கும் பிள்ளைகளை எண்ணி எழுதிய 'பூமி சாஸ்திரம்' 1832இல் அச்சானது. தமிழின் முதல் அறிவியல் பாடநூலாக அதைக் குறிப்பிடுவார்கள்.

ஆனால் அறை தனித்து நின்றதாலேயே சாதி வெளியே நின்றுவிடவில்லை. தரங்கம்பாடித் தேவாலயத்திலேயே சாதிக்கொரு பக்கமாக உட்காரும் வழக்கத்தை ஹாலே மிஷனரிகள் பொறுத்துக்கொண்டிருந்தனர். ரேனியஸ் அதற்கு உடன்படவில்லை. தம் செமினரி மாணவர்கள் ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்றார். எதிர்ப்பு உள்ளிருந்தே வந்தது. இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. ஒரு சமூகத்தின் குடியிருப்பில் எழுந்த அறை நாளடைவில் அந்தச் சமூகத்தின் பள்ளியாகவே நிலைத்துப்போன ஊர்கள் உண்டு.

குருப்பட்டம் வழங்கும் உரிமை பற்றிய பூசலில் 1835இல் சங்கம் அவரை விலக்கியது. சபையார் அழைக்கத் திரும்பி வந்து, 1838இல் பாளையங்கோட்டையிலேயே மறைந்தார். அவர் விலக்கப்பட்ட அதே 1835இல்தான் எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் காலமானார். இரண்டு நாள் வண்டித் தொலைவில், ஒன்றையொன்று அறியாத இரு உலகங்கள்.

கரிசலுக்கு இந்த அறை மெதுவாகத்தான் வந்தது. ரேனியஸின் சபைகள் அடர்ந்திருந்தது தெற்கே, செம்மண்ணும் பனையும் நிறைந்த தேரிப் பகுதியில். வடக்கே 1854இல் ராக்லண்டும் தோழர்களும் கூடாரங்களோடு ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கியபோதும் அது பெரிதும் புதிய களமாகவே இருந்தது. மண்ணும் ஒத்துழைக்கவில்லை. கரிசல் மழையில் ஊதும், கோடையில் கை நுழையுமளவு வெடிக்கும். அதன்மேல் ஆழமில்லாத அடித்தளத்தில் எழுப்பிய சுவர் சில ஆண்டுகளில் விரிசல் விடும். மதுரையிலிருந்து தெற்கே 1876இல் ரயில் பாதை திறந்தபின் கட்டுமானப் பொருள்கள் தொலைவிலிருந்து வர வழி ஏற்பட்டது. பழைய பள்ளிகளின் மீது காணும் சீமை ஓட்டைப் பார்க்கும்போது இன்னொரு ஜெர்மானியரும் நினைவுக்கு வருவார்: பாசல் மிஷனின் ப்ளெப்ஸ்ட். 1865இல் மங்களூரில் இயந்திரத்தால் இவ்வகை ஓடு செய்யும் ஆலையைத் தொடங்கியவர் அவர்.

அறையின் பயனைக் கரிசல் தானே கண்டுகொண்டது. விருதுநகர் நாடார்கள் வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டி 1889இல் க்ஷத்திரிய வித்யாசாலாவை நிறுவினர். பிற சாதியினரும் அங்கே படித்தனர். 1895இல் கழுகுமலையிலும் 1899இல் சிவகாசியிலும் மூண்ட கலவரங்கள், யார் எந்தத் தெருவில் ஊர்வலம் போகலாம், எந்தக் கோயிலில் நுழையலாம் என்பதற்காக நடந்தவை. திண்ணையின் கேள்விதான் அதுவும்.

க்ஷத்திரிய வித்யாசாலாவில் படித்த காமராஜர், 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைக்கத் தேர்ந்த ஊர் எட்டயபுரம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 1920களிலேயே இத்தகைய முயற்சி நடந்ததுண்டு; கிராமத்துக் குழந்தைகளை ஒரே தரையில் வரிசையாக அமர்த்தியது இந்தத் திட்டம். 2023 செப்டம்பரில், எட்டயபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில், சமைப்பவர் தலித் பெண் என்பதால் குழந்தைகள் காலை உணவை உண்ணாமல் தடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் அங்கே சென்று குழந்தைகளோடு தரையில் அமர்ந்து உண்டனர். அன்று குழந்தைகளும் சாப்பிட்டார்கள்.