உலகச் சந்தையில் நம் நாடு

கடல் வாணிபம் என்றவுடன் தமிழ் மக்களாகிய நம் நெஞ்சம் காவிரிப்பூம்பட்டினத்தை நோக்கி விரைதல் இயல்பே. அத்துறைமுகத்தில் வந்து இறங்கிய பண்டங்கள் மீதும், கடல் கடந்து செல்லவிருந்த பண்டங்கள் மீதும் சோழ மன்னனின் புலி முத்திரை பொறிக்கப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை நமக்கு அறிவிக்கின்றது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு நடைபெற்ற அகழாய்வில் கிடைத்த உரோமானிய மட்கலங்களும் அப்பழம்பெருமைக்குச் சான்று பகர்கின்றன.

பழம்பெருமை பேசி மகிழ்வதோடு நாம் நின்றுவிடலாகாது. அப்புலி முத்திரை நமக்கு ஓர் உண்மையையும் உணர்த்துகின்றது. பொருளைக் கொண்டு வந்தவன் வணிகன். எந்த மூட்டைக்கு எவ்வளவு சுங்கம், எது உள்ளே வரலாம், எது வரலாகாது என்று விதித்தவனோ முத்திரையைக் கையில் வைத்திருந்தவன். அம்முத்திரை நம் கையைவிட்டு அகன்ற வரலாற்றையும், உலக வாணிபத்தின் விதிகளை எழுதும் அவையில் தனக்கும் ஓர் இடம் வேண்டுமென்று நம் நாடு வாதாடிய வரலாற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம். ஜினீவாவிலும் டில்லியிலும் எழுதப்பட்ட விதிகள், பெங்களூரில் குடியேறி வாழும் நம் குடும்பங்களின் அடுப்பங்கரை வரை எட்டியவை என்பதே இதனை எழுதத் தூண்டிய காரணம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் நம் நாடு உலக வாணிபத்திற்கு வெளியே நின்றதில்லை. பருத்தியும் சணலும் தேயிலையும் தோலும் கப்பல் கப்பலாக வெளியே சென்றன. துணியும் இயந்திரங்களும் வந்து இறங்கின. ஆனால் வரியை விதிக்கும் உரிமை இலண்டனில் இருந்தது. 1896ஆம் ஆண்டில், வெளிநாட்டுத் துணிக்கு மூன்றரை விழுக்காடு இறக்குமதி வரி விதித்தபோது, இங்கிலாந்தின் ஆலைகளுக்கு இடையூறு நேராதிருக்கும் பொருட்டு, இந்திய ஆலைத் துணி மீதும் அதே அளவு வரியைச் சுமத்தினர். முப்பது ஆண்டுகள் கழித்து 1926இல்தான் அவ்வரி ஒழிந்தது. 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1908இல் சிறைப்பட்டார். 1911க்குள் கம்பெனியும் கலைந்தது. விதியை எழுதும் உரிமை அயலார் கையிலிருக்க, கப்பலை மட்டும் நாம் வைத்திருத்தல் எளிதன்று என்பதை அந்நாள் தமிழகம் கண்கூடாகக் கண்டது.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், போருக்குப் பிந்தைய உலகின் நாணய ஒழுங்கை அமைக்க 44 நாடுகளின் பிரதிநிதிகள் 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸ் என்னுமிடத்தில் கூடினர. இந்தியக் குழுவின் தலைவர் ஆங்கிலேயரான ஜெரமி ரெய்ஸ்மன். எனினும் அக்குழுவில் ரிசர்வ் பாங்கின் கவர்னர் சி. டி. தேஷ்முக், ஏ. டி. ஷ்ராஃப், கோயம்புத்தூரின் ஆர். கே. சண்முகம் செட்டியார் ஆகியோரும் இருந்தனர். கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்து துறைமுக வளர்ச்சியை நேரிற் கண்டவர் செட்டியார். 1932இல் ஒட்டாவா வாணிப மாநாட்டிலும் கலந்துகொண்டவர்.

அம்மாநாட்டில் நம்மவர் எழுப்பிய கோரிக்கைகள் இரண்டு. போர்க்காலத்தில் பிரிட்டன் நம் நாட்டிலிருந்து பண்டங்களையும் பணிகளையும் பெற்று, விலையை இலண்டனிலேயே கணக்கில் எழுதி வைத்திருந்தது. போர் முடிந்தபோது அக்கடன் சுமார் 130 கோடி பவுண்டாயிற்று. 1943இல் வங்காளம் பஞ்சத்தால் மடிந்த நாட்களிலும் வளர்ந்த கடன் அது. அதனைத் தீர்க்க வழி காண வேண்டும் என்றனர் நம்மவர், மாநாடு இணங்கவில்லை. பின்தங்கிய நாடுகளின் வளத்தைப் பெருக்க உதவுதலை நாணய நிதியத்தின் நோக்கங்களுள் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்பது மற்றொன்று. எல்லா உறுப்பு நாடுகளின் வளர்ச்சி என்ற பொதுச் சொல்லளவிலேயே அது இடம் பெற்றது. கேட்டது கிட்டவில்லையெனினும், கேட்கும் குரல் ஒன்று உண்டென்பதை உலகம் அறிந்தது. மூன்றாண்டுகளில் சண்முகம் செட்டியாரே சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானார்.

1947 அக்டோபர் 30ஆம் நாள் ஜினீவாவில் 23 நாடுகள் சேர்ந்து 'காட்' எனப்படும் சுங்கவரி, வாணிபப் பொது உடன்பாட்டை வகுத்தன. அவற்றுள் இந்தியாவும் ஒன்று; இலங்கையும் பர்மாவும் பாகிஸ்தானும் உடனிருந்தன. எனவே நம் நாடு உலக வாணிபக் கழகத்தின் வாயிலில் பிந்தி வந்து நின்ற நாடன்று. அடிக்கல் நாட்டியோருள் ஒன்றாகும்.

அவ்வுடன்பாட்டின் ஆணிவேர் எளியது. ஒரு நாட்டிற்குக் காட்டும் வரிச் சலுகையை மற்றெல்லா உறுப்பு நாடுகளுக்கும் காட்ட வேண்டும். நீதியாகவே தோன்றும் இவ்விதியில் ஒரு சிக்கல் உண்டு. பயில்வானையும் பாலகனையும் ஒரே கோதாவில் இறக்கி, இருவருக்கும் ஒரே சட்டம் என்றால் அது சமநீதியாகுமோ? வளரும் நாட்டின் இளந்தொழில்களுக்கு வேலி வேண்டும் என்று ஹவானா மாநாட்டிலும் பின்னரும் இந்தியா ஓயாது வாதிட்டது. ஹவானாவில் 1948இல் வகுத்த சர்வதேச வாணிப நிறுவனம் அமெரிக்கா ஏற்காமையால் பிறக்காமலே மறைந்தது. ஆயினும் 'காட்' உடன்பாட்டின் 18ஆம் விதி 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தில் விரிவாக்கப்பட்டு, அந்நியச் செலாவணி குறைந்த வளரும் நாடுகள் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இடமளித்தது.

அவ்வேலிக்குள் வளர்ந்த பயிர்கள் நம் பெங்களூரில் பல. 1948இல் தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், 1953இல் எழுந்த எச்.எம்.டி., 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு தோன்றிய அதன் கைக்கடிகாரத் தொழிற்சாலை ஆகியவற்றை நம்மவர் யாரும் மறவார். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் அவற்றின் சங்கொலியை நம்பிக் குடித்தனம் நடத்தின. பிள்ளைகளைப் படிக்க வைத்தன.

வேலி பயிரைக் காத்ததோடு, வெயிலையும் மறைத்தது என்பதை மறுத்தற்கில்லை. எதனை இறக்குமதி செய்வதாயினும் லைசென்ஸ். தொழிலைப் பெருக்குவதாயினும் லைசென்ஸ். போட்டியின்மையால் தரம் தேங்கியது. ஏற்றுமதி போதிய அளவு வளரவில்லை. வெளியே சென்ற பொருள்களுக்கும் செல்வ நாடுகள் தடை போட்டன. நாம் நன்கு நெய்யத் தெரிந்த துணிக்கும் ஆடைக்கும் 1974 முதல் பலநூலிழை உடன்பாட்டின் கீழ் இத்தனை உருப்படிதான் என்று அளவு கட்டினர். 1968இல் புதுடில்லியில் கூடிய ஐக்கிய நாடுகளின் வாணிப வளர்ச்சி மாநாட்டில், வளரும் நாடுகளின் பண்டங்களுக்கு வரிச் சலுகை தருவதெனக் கொள்கையளவில் இசைந்த நாடுகளே பின்னர் இவ்வளவையும் கட்டின.

ஈண்டு இரயில்வே ஊழியராகிய நாம் பெருமையோடு குறிப்பிட வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சந்தையில் இடம் கிடைத்தாலும், கடற்கரை இல்லாத ஊரின் சரக்குத் துறைமுகம் சென்று சேர வேண்டுமே! முன்னாளில் பெங்களூரின் ஏற்றுமதிச் சரக்கை வாகனில் ஏற்றி, துறைமுகத்தில் இறக்கி, சுங்க அதிகாரி பிரித்துப் பார்த்த பின் மீண்டும் கட்டிக் கப்பலேற்றினர். ஒவ்வொரு கை மாற்றத்திலும் தாமதம், சேதம், களவு. 1973இல் கொச்சித் துறைமுகத்திற்கு நம் நாட்டின் முதல் சர்வதேசக் கன்டெய்னர் வந்தது. 1981இல் நாட்டின் முதல் உள்நாட்டுக் கன்டெய்னர் நிலையத்தை இரயில்வே நம் பெங்களூரிலேயே திறந்தது. சுங்கச் சோதனை இங்கேயே முடிந்து, முத்திரையிட்ட பெட்டி அப்படியே இரயிலேறித் துறைமுகம் சென்று கப்பலேறலாயிற்று. புகாரின் சுங்கத்துறை செய்த பணியைக் கடலிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் இரயில் நிலையம் செய்யத் தொடங்கியது. 1989 நவம்பர் முதல் இத்தகைய நிலையங்களைக் கன்டெய்னர் கார்ப்பரேஷன் ஏற்று நடத்தலாயிற்று. நம் ஒயிட்பீல்டு நிலையமும் அதனுடையதே.

1991ஆம் ஆண்டு நம் நாட்டிற்குப் பெருஞ்சோதனை ஆண்டு. அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதுமானதாய் வற்றிற்று. இல்லத்தரசி தாலிக்கொடியை அடகு வைக்கும் நிலை போன்று, ஜூலையில் ரிசர்வ் பாங்கு சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிக் கடன் பெற்றது. அதே மாதம் ரூபாயின் மதிப்பு இரு முறை குறைக்கப்பட்டது. நிதியமைச்சர் மன்மோகன் சிங், வாணிப அமைச்சர் ப. சிதம்பரம் ஆகியோர் பொறுப்பில் இறக்குமதி லைசென்ஸ் முறை தளர்ந்தது. உச்ச சுங்க வரி 150 விழுக்காட்டிற்குக் குறைக்கப்பட்டது என்றால், முன்பு வேலி எவ்வளவு உயரமாயிருந்தது என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

1995 ஜனவரி முதல் நாள் உலக வர்த்தக நிறுவனம் பிறந்தது. இந்தியா அதன் தொடக்க உறுப்பினர். செலாவணி நிலை சீரடைந்தபின் பழைய 18ஆம் விதியின் நிழலில் ஒதுங்குதல் தகாதென்று அமெரிக்கா வழக்காடியது. 1999இல் தீர்ப்பு நமக்கு எதிராயிற்று. 2001 ஏப்ரல் முதல் எஞ்சிய இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளும் நீங்கின.

இதன் விளைவு நம் தெருவிலேயே தெரிகிறது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருக்கு வந்தபோது தோன்றிய மென்பொருள் ஏற்றுமதி பெருகி, நம் பிள்ளைகள் பலருக்கு நல்வாழ்வு தந்தது. 2005 ஜனவரியில் துணி அளவுக் கட்டுப்பாடு ஒழிந்தது. நகரின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் திரளான பெண்கள் உழைத்துக் குடும்பம் காக்கின்றனர். அதே காலத்தில் டெலிபோன் தொழிற்சாலையின் ஆட்கள் தொகை சுருங்கியது. நாட்டிற்கு நேரம் காட்டிய எச்.எம்.டி. கைக்கடிகாரக் கம்பெனியை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஒரே விதி ஒரு வீட்டில் விளக்கேற்றி, அடுத்த வீட்டில் விளக்கணைத்ததை நாம் கண்டோம். நாட்டின் கணக்கில் இலாபம் என்று எழுதும்போது, நட்டமடைந்த வீட்டையும் அக்கணக்கில் எழுதுதல் வேண்டும். அவ்வீட்டாருக்குப் புதுத்தொழில் பயிற்சியும் ஆதரவும் தருதல் அரசின் கடமையாகும்.

விதியை வாசித்து வாதாடுவோர் இல்லையேல் நட்டம் இன்னும் பெரிதாகும் என்பதற்கு ஒரு சான்று போதும். ரேஷன் கடைக்காக அரசாங்கம் ஆதரவு விலையில் நெல்லும் கோதுமையும் கொள்முதல் செய்வது, உலக வர்த்தக நிறுவனத்தின் மானிய வரம்பை மீறக்கூடும் என்ற நிலை எழுந்தது. வரம்பைக் கணக்கிட 1986 முதல் 1988 வரையிலான பழைய விலையை அளவுகோலாக வைத்திருந்தனர். 2013 டிசம்பரில் பாலித் தீவில் கூடிய மாநாட்டில் இந்தியா உறுதியாய் நின்றது. நிலையான தீர்வு காணும் வரை, இத்திட்டத்தின் மீது வழக்குத் தொடுப்பதில்லை என்ற பாதுகாப்பைப் பெற்றது. ரேஷன் பையோடு வரிசையில் நிற்கும் தாய்மார் பாலித் தீவை அறியார். ஆயினும் அவர்தம் அரிசிக்காக அங்கே ஒரு வாசகம் எழுதப்பட்டது.

ஆகவே கதவை அடைத்துக்கொண்டு வாழ்தலும் நமக்கு உய்வளிக்கவில்லை; காவலின்றித் திறந்து வைத்தலும் நன்மை பயவாது. சந்தைக்குள் செல்வோம், அதன் சட்டத்தைப் படித்தறிந்து செல்வோம். நம் சங்கத்தின் இளைஞர் பொறியியலும் மருத்துவமும் கற்பது கண்டு மகிழ்கின்றோம். அவருள் சிலரேனும் வாணிபச் சட்டமும் பொருளாதாரமும் பயின்று, சண்முகம் செட்டியார் போன்றோர் அமர்ந்த அவைகளில் நாளை அமர வேண்டும். நெசவாளியின், தொழிலாளியின், ரேஷன் வரிசையில் நிற்பவரின் கணக்கையும் அங்கே எடுத்துரைக்க வேண்டும். அதுவே எம் வேணவா.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!