கல் பாலமும் இரும்புப் பாலமும்

மாதேஸ்வரன் மலைக்குத் தமிழகத்து அடியார்கள் மேட்டூர், கொளத்தூர், பாலாறு வழியாக வருவர். மைசூரில் குடியேறிய நாமோ கொள்ளேகாலம் வழியாகச் செல்கிறோம். அக்கொள்ளேகாலம், 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் மாறும்வரை, சென்னை மாநிலத்துக் கோவை மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. எல்லைகள் இடம் மாறின. காவிரி இடம் மாறவில்லை.

கொள்ளேகாலத்திலிருந்து சற்றே விலகிச் சென்றால் சிவனசமுத்திரம். காவிரி இரு கிளையாகப் பிரிந்து அருவிகளாக விழும் தீவு அது. அங்கே சிதைந்து கிடந்த பழம் பாலங்களை 1830-களில் செப்பனிட்டு எழுப்பியவர் இராமசாமி முதலியார். மைசூரிலிருந்த ஆங்கிலப் பிரதிநிதியிடம் பணியாற்றியவர். ஆற்றுப்பாறையில் கல் தூண்களை நாட்டி, அவற்றின்மேல் கல் உத்திரங்களைக் கிடத்தி அமைந்தவை அப்பாலங்கள். பிறருக்குப் பயன்படும் செயல் செய்தவர் என்னும் பொருளில் 'ஜனோபகார காமகர்த்தா' என்ற பட்டமும், ஊர்கள் சில மானியமாகவும் அவருக்குக் கிடைத்தன.

அதே காவிரியைத் தொடர்ந்து கீழே செல்வோம். திருவரங்கத் தீவின் வடபால், காவிரியின் வெள்ளத்தை வாங்கிச் செல்லும் கொள்ளிடத்தின்மேல், 1928-இல் இரும்புப் பாலம் ஒன்று எழுந்தது. கல்லின் காலம் போய் எஃகின் காலம் வந்ததற்கு அதுவே சான்று. ஏறத்தாழ எண்பத்தெட்டு ஆண்டுகள், மாட்டு வண்டி முதல் பேருந்து வரை, தீவையும் வடகரையையும் அது இணைத்தது. 2016-இல் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டதும் அதன் பணி முடிந்தது.

பிறகு 2018 வந்தது. பெருமழையால் காவிரியின் அணைகள் நிரம்பி வழிந்த ஆண்டு. சிவனசமுத்திரத்தில் வெஸ்லி பாலம் என வழங்கிய கல் பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் கொண்டு சென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொள்ளிடத்து இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. ஒரே ஆறு, ஒரே ஆண்டில், கன்னட நாட்டில் ஒன்றும் தமிழ்நாட்டில் ஒன்றுமாக இரு முதுபாலங்களை முறித்தது.

கொள்ளிடத்தில் நாம் உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. முதலில் தளர்ந்தது மேலிருந்த எஃகு அன்று. ஓடும் நீர் தூணின் அடிமணலை அரித்தது. அடி தளர்ந்ததும் தூண் சாய்ந்தது. தூண் சாய்ந்ததும் எஃகும் தாங்குவாரின்றித் தொங்கியது. பாலத்தின் உயிர் கண்ணுக்குத் தெரியாத அடியில் இருக்கிறது. போக்குவரத்து நின்ற பாலத்தின் அடியை யார் குனிந்து பார்க்கிறார்கள்?

புலம்பெயர்ந்த நமக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. நம் மக்கள் பள்ளியில் கன்னடம் கற்கின்றனர், அது வேண்டுவதே. வீட்டில் தமிழ் பேசினால் இரு கரையும் அவர்களுக்கு உரியவை. ஆனால் எவரும் நடவாத பாலம்போல் அத்தமிழை விட்டுவிட்டால், அடி அரிபடுவதை நாம் அறியமாட்டோம். அடுத்த முறை மலைக்குச் செல்லும்போது, பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்தக் கல் தூண்களைக் காட்டுவோம். கட்டியவரின் பெயரையும் தமிழிலேயே சொல்லுவோம்.